விக்கிரமபுரியின் நீதிமன்றம்: பிரதாப முதலியார் சரித்திரத்தில் வழக்கறிஞரும் கட்சிக்காரரும்

மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879ஆம் ஆண்டில் அச்சேறியது. தமிழ் நாவல் வரலாற்றை எழுதியோர் அதனை முதல் நாவல் எனக் குறித்த பின்னர், ஏறத்தாழ ஒரே வகையான கேள்விகளையே எழுப்பி வந்துள்ளனர். அது நாவல்தானா அன்றிக் கதைக்கோவையா? கிளைக்கதைகள் கதைப்போக்கைத் தடுக்கின்றனவா? ஞானாம்பாளைப் புதுமைப் பெண்ணுக்கு முன்னோடி எனக் கொள்ளலாமா? இவை வேண்டாத கேள்விகள் என்று நாம் சொல்லவில்லை. எனினும், இந்நூலை எழுதியவர் ஆண்டுக்கணக்கில் நீதிமன்றத்தில் அமர்ந்து தீர்ப்பு வழங்கியவர் என்னும் செய்தி ஆசிரியர் வரலாற்றில் ஒரு வரியாக நின்றுவிடுகின்றது. நூலைப் படிக்கும் முறைக்குள் அது வருவதே இல்லை. திறனாய்வாளர்கள் அவரைக் கதாசிரியராகவும் சீர்திருத்தவாதியாகவும் கண்டனர், நீதிபதியாகக் காணவில்லை.

இக்கட்டுரையில் நாம் நாவல் முழுவதையும் எடுத்துக்கொள்ளவில்லை. நீதிமன்றம் தொடர்பான மூன்று இடங்களையே நோக்குகின்றோம். வழக்கறிஞர்கள் ஆங்கிலத்தில் வாதிடுவதைக் கண்டிக்கும் இடம், ஞானாம்பாள் ஆணுடையில் அமர்ந்து நீதி செலுத்தும் இடம், செருப்புத் தைக்கும் தொழிலாளி ஒருவர் கதாநாயகனை வழக்கில் மாட்டிவைக்கும் இடம் ஆகியனவே அவை. வழக்கறிஞர் தொழிலில் பன்மைத்தன்மை வேண்டும், இதுவரை வெளியே நின்றவர்களுக்கு உள்ளே இடம் வேண்டும் என்ற பேச்சு இன்று பல நாடுகளில் எழுந்துள்ளது. அப்பேச்சு பெரும்பாலும் தலைகளை எண்ணுவதோடு அமைந்துவிடுகின்றது. வேதநாயகம் பிள்ளையோ எதிர்த்திசையிலிருந்து தொடங்குகின்றார். தன் வழக்கு தனக்கே விளங்காமல் நீதிமன்றத்தில் நிற்பவன் யார் என்பதே அவருடைய முதற்கேள்வி. அக்கேள்வியில் அவருடைய பார்வை மிகக் கூரியது. வாதிடுவதற்கு யார் உள்ளே வரலாம் என்னும் மற்றைய கேள்வியில் அது மங்கிவிடுகின்றது. இவ்விரு கேள்விகளையும் பிரித்துப் பார்க்க இயலாது என்பதே நமது கருத்து. நாவலே, ஆசிரியர் எண்ணாத வகையில், அதற்குச் சான்று தருகின்றது.

முன்சீப்பின் மேசை

வேதநாயகம் பிள்ளை 1826இல் திருச்சிராப்பள்ளிக்கு அருகில் உள்ள குளத்தூரில் வேளாளக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார். நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகப் பணியில் சேர்ந்து, மொழிபெயர்ப்பாளராக உயர்ந்து, 1850களின் பிற்பகுதியில் மாவட்ட முன்சீப் ஆனார். தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரம் ஆகிய ஊர்களில் பணியாற்றி 1872இல் அப்பதவியை விட்டு விலகினார். முன்சீப் பதவி நீதித்துறை ஏணியில் தாழ்ந்த படி. ஆயின் பொதுமக்கள் நேரில் கண்ட நீதிமன்றம் அதுதான். வரப்புத் தகராறும் கடன் பத்திரமும் பாகப் பிரிவினையும் அங்கேதான் வந்து சேர்ந்தன.

அவருடைய மொழிபெயர்ப்புப் பணியை நாம் இங்கு அழுத்திச் சொல்ல விரும்புகின்றோம். நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் என்பவர் இரு மொழிகளுக்கு இடையில் நிற்பவர் மட்டுமல்லர். சாட்சியின் வாயிலிருந்து வந்த சொல் பதிவேட்டில் ஏறும்போது எதை இழக்கின்றது என்பதை நாள்தோறும் காண்பவர் அவர். 1805 முதல் 1861 வரை சதர் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்புகளைத் தொகுத்து அவர் 'சித்தாந்த சங்கிரகம்' என்னும் பெயரில் 1862இல் தமிழாக்கி வெளியிட்டார். சட்ட நூல்களைத் தமிழில் தந்தோர் வரிசையில் அவரை முன்னே வைப்பது வழக்கம். அதனினும் முதன்மையானது அந்நூலின் நோக்கம். ஆங்கிலம் அறியாத ஒருவர் தம்மைக் கட்டுப்படுத்தும் தீர்ப்பைத் தாமே படித்தறிய வேண்டும் என்று ஒரு நீதிபதி எண்ணியிருக்கின்றார். நாவலில் வரும் நீதிமன்றப் பகுதிகள் இந்த எண்ணத்தின் தொடர்ச்சியே.

யாருக்காக அந்த ஆங்கிலம்

நாவலின் பிற்பகுதியில் தமிழ்நாட்டு நீதிமன்றங்களைப் பற்றிய நேரடியான கண்டனம் ஒன்று இடம்பெறுகின்றது. கதை அங்கே சற்றே ஒதுங்கி நிற்கின்றது. ஒலிப்பது முன்சீப்பின் குரல். நாட்டின் மொழி தமிழ், நீதிமன்றத்தில் வழங்கும் மொழி தமிழ், வழக்கறிஞர் தமிழர், நீதிபதி தமிழர், கட்சிக்காரர்களும் தமிழர். அவ்வாறிருக்க யாரை மகிழ்விப்பதற்காக ஆங்கிலத்தில் வாதிடுகின்றனர் என்பது அவ்வாதத்தின் சாரம். மூல நடையின் ஏளனம் நம் சுருக்கத்தில் வாராது. ஆசிரியர் ஒருவரை அடுத்து ஒருவராக நீதிமன்றத்தில் உள்ளோர் அனைவரையும் எழுப்பி நிறுத்தி, ஆங்கிலம் தேவைப்படும் ஒருவரும் அங்கு இல்லை என்று காட்டும் முறை, சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யும் முறையே.

இப்பகுதி நம் பாடநூல்களிலும் மேடைகளிலும் பெரும்பாலும் தமிழ்ப்பற்றுக்குச் சான்றாகவே எடுத்தாளப்படுகின்றது. அவ்வாறு கொள்வதில் பிழை இல்லை எனினும் அது குறைவான வாசிப்பு. தமிழின் தொன்மையையும் இனிமையையும் போற்றும் பகுதிகள் அந்நாவலிலேயே வேறு உள. நீதிமன்றத்தைப் பற்றிய இப்பகுதியின் வாதம் தமிழ் உயர்ந்தது என்பதன்று. தம் நிலத்தையோ வீட்டையோ இழக்கப் போகும் ஒருவர், தம் முன்னிலையில், தம்மைப் பற்றி, தமக்கு விளங்காத மொழியில் பேசப்படுவதைக் கேட்டுக்கொண்டு வாய்மூடி நிற்கின்றார். தம் வழக்கறிஞர் நன்றாக வாதிட்டாரா என்பதும் அவருக்குத் தெரியாது. கட்சியை விட்டுக்கொடுத்தாரா என்பதும் தெரியாது. மொழி இங்கே பெருமிதப் பொருள் அன்று, நீதிமன்றத்தின் வாயிற்கதவு. ஆசிரியர்கள் இப்பகுதியை வகுப்பில் கற்பிக்கும்போது இந்த வேறுபாட்டை எடுத்துக்காட்டினால், மாணவர்க்கு மொழிப்பற்றோடு சட்டத்தைப் பற்றிய சிந்தனையும் வாய்க்கும்.

எனினும் வேதநாயகம் பிள்ளை நோயைக் கண்ட அளவுக்கு அதன் வேரைக் காணவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வழக்கறிஞர் ஆங்கிலத்தில் பேசுவதற்கு அவர் கற்பிக்கும் காரணம் செருக்கு, பகட்டு. ஒழுக்கக் குறைபாடாக அதனைக் கண்டதனால் ஒழுக்க நூலாருக்கு உரிய கண்டனத்தையே வழங்குகின்றார். 'நீதிநூல்' பாடியவர் வேறு எப்படி எழுதுவார்? ஆயின் காலத்தை நோக்க வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் நிறுவப்பட்டது. சென்னை உயர்நீதிமன்றம் 1862இல் அமைந்தது. ஆங்கிலக் கல்வி, பட்டம், சட்டத் தேர்வு ஆகியவற்றின் வழியே வக்கீல் என்னும் புதிய வகுப்பு உருவாகிக் கொண்டிருந்தது. உயர்நீதிமன்றத்தில் அவ்வகுப்பாருக்கும் மேலே, இலண்டனில் பயின்று வந்த பாரிஸ்டர்கள் தனிச் சலுகைகளுடன் வீற்றிருந்தனர். கட்சிக்காரருக்கு அடைத்த கதவாக இருந்த அதே ஆங்கிலமே வழக்கறிஞருக்கு ஏணி. ஏறி வந்த ஏணியை அவர் நீதிமன்றத்தில் காட்டிக்கொண்டார். அதனைச் செருக்கு என்று மட்டும் சொல்லிவிட்டால், அந்த ஏணியில் ஏற முடியாமற் போனோர் யார் என்னும் கேள்வி எழாமலே போகின்றது.

அவர்கள் யாவர் என்பதற்கு அவர் வகித்த பதவியே விடை தருகின்றது. 1912ஆம் ஆண்டுக் கணக்கின்படி சென்னை மாகாணத்தில் நிலையான மாவட்ட முன்சீப்புகள் 128 பேர். அவருள் 93 பேர் பிராமணர். பிராமணரல்லாத இந்துக்கள் 25 பேர். எஞ்சிய 10 இடங்களில் முஸ்லிம்களும் இந்தியக் கிறித்தவர்களும் ஐரோப்பியரும் ஆங்கிலோ இந்தியரும் அடங்குவர். 1916 டிசம்பரில் வெளியான பிராமணரல்லாதார் அறிக்கையின் பின்னணியில் இத்தகைய கணக்குகள் இருந்தன. இதே கணக்கைத் திருப்பிப் படித்தால் வேறொன்றும் தெரியும். பிராமணரல்லாதார் என்று சொல்லி எண்ணப்பட்டவருள்ளும் நிலமுடைய, கல்வியுடைய சாதியினரே மிகுதி. தாழ்த்தப்பட்டோர் என்று தனித்த வரி ஒன்று அந்தக் கணக்கில் இடம்பெறவும் இல்லை. நாவலின் மூன்றாவது இடத்துக்கு வரும்போது இதனை மீண்டும் நினைவுகூர வேண்டியிருக்கும்.

மொழிக் கதவு பிற்காலத்தில் ஓரளவு திறந்தது. தமிழ்நாட்டு ஆட்சிமொழிச் சட்டத்தில் 1976இல் செய்யப்பட்ட திருத்தத்தால் கீழமை நீதிமன்றங்களில் தமிழுக்கு இடம் கிடைத்தது. உயர்நீதிமன்றத்தில் இடம் கிடைக்கவில்லை. இந்திய அரசமைப்பின் 348ஆம் உறுப்பு, உயர்நீதிமன்ற நடவடிக்கைகள் ஆங்கிலத்தில் நடக்க வேண்டும் என்கின்றது. குடியரசுத் தலைவரின் இசைவுடன் ஆளுநர் வேறு மொழிக்கு அனுமதி தரலாம் என்றும் கூறுகின்றது. அவ்வழியில் இராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், பீகார் ஆகியவற்றின் உயர்நீதிமன்றங்களில் இந்தி இடம்பெற்றது. தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2006 டிசம்பரில் நிறைவேற்றிய தீர்மானத்திற்கு அத்தகைய இசைவு கிட்டவில்லை. முன்சீப் எழுப்பிய கேள்வி, முன்சீப் நீதிமன்றத்தின் அளவிலேயே விடை பெற்றது.

நம் மலேசிய வாசகர்க்கு இக்கேள்வி வேறொரு வடிவில் பழக்கமானது. 1963/67ஆம் ஆண்டுத் தேசிய மொழிச் சட்டத்தின் 8ஆம் பிரிவு 1990இல் திருத்தப்பட்ட பின்னர் நீதிமன்ற நடவடிக்கைகள் தேசிய மொழியில் நடைபெறுகின்றன. நீதியின் நலன் கருதி ஆங்கிலத்தைப் பயன்படுத்தவும் நீதிமன்றம் இடமளிக்கலாம். தமிழ் மட்டுமே அறிந்த முதியவர் ஒருவர் சாட்சிக் கூண்டில் ஏறினால் அவருடைய சொல் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளரின் வாய்வழியே நீதிபதியை எட்டும். இந்திய வம்சாவளியினர் இந்நாட்டின் வழக்கறிஞர் தொழிலில் தொடக்கக் காலம் முதலே குறிப்பிடத்தக்க இடம் வகித்துள்ளனர் என்பது உண்மை. ஆயினும் வழக்கறிஞரும் கட்சிக்காரரும் ஓரினத்தவர் என்பதனாலேயே கட்சிக்காரர்க்குத் தம் வழக்கு விளங்கிவிடாது. வேதநாயகம் பிள்ளை வரிசையாக எழுப்பி நிறுத்திக் காட்டியதும் இதனைத்தான். அங்கு எல்லாரும் தமிழராகவே இருந்தனர்.

ஆணுடை

கணவனைத் தேடிப் புறப்படும் ஞானாம்பாள் ஆண் வேடம் பூண்டு விக்கிரமபுரியை அடைகின்றாள். மன்னனின்றி முறைகெட்டுக் கிடந்த அவ்வூரார் அவளை ஆணென்றே நம்பி அரியணையில் அமர்த்துகின்றனர். அரசனே தலைமை நீதிபதியாகவும் விளங்கும் பழைய மரபின்படி வழக்குகளைக் கேட்டுத் தீர்க்கும் பொறுப்பும் அவளைச் சேர்கின்றது. அவள் அதனை அங்கிருந்த நீதிபதிகள் எவரினும் சிறப்பாகச் செய்கின்றாள்.

இது நாட்டுப்புறக் கதைகளில் பயின்று வரும் கூறுதான். ஆண் வேடமிட்ட அரசகுமாரிகள் நம் கதை மரபில் பலர். அதனால் இதற்குச் சமூகப் பொருள் கற்பிப்பது மிகை என்று சிலர் கருதலாம். அக்கருத்தில் பாதியை நாம் ஏற்கின்றோம். ஆயின் பெண்கல்வியை வலியுறுத்திப் 'பெண்மதி மாலை' இயற்றிய ஒருவர், தாமே நீதிபதியாய் இருந்த ஒருவர், தம் கதையில் சிறந்த நீதிபதி யார் என்று தேர்ந்து ஒரு பெண்ணை அமர்த்துகின்றார். கதைமரபு வேடத்தைத் தந்திருக்கலாம். நீதிபதி இருக்கையைத் தந்தவர் ஆசிரியர். அவ்வேடத்தின் உட்பொருளும் கருதத்தக்கது. அவளுடைய தீர்ப்புகளில் ஊரார் யாதொரு குறையும் காணவில்லை. ஆடைக்குள் இருப்பவர் யார் என்பது தெரியாத வரையில் தடையும் இல்லை. அப்படியானால் அதுவரை தடையாக நின்றது ஆற்றலின்மை அன்று என்பது கதைக்குள்ளேயே மெய்ப்பிக்கப்படுகின்றது.

நாவல் வெளிவந்த அதே 1879இல், பிரித்தானிய இந்தியாவில் வழக்கறிஞர் தொழிலை ஒழுங்குபடுத்தும் சட்டமும் நிறைவேறியது. இது வெறும் தற்செயல்; இருப்பினும் இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்கலாம். அச்சட்டத்தின்கீழ் வழக்கறிஞராகப் பதிவு பெற ரெஜினா குஹா விண்ணப்பித்தபோது, கல்கத்தா உயர்நீதிமன்றம் 1916இல் அவ்விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்தது. ஆண்பாற் சொல் பெண்பாலையும் குறிக்கும் என்று பொதுவிதி ஒன்று 1868ஆம் ஆண்டு முதலே சட்ட ஏட்டில் இருந்தது. இருந்தும் வழக்கறிஞர் சட்டத்தில் வரும் 'நபர்' என்னும் சொல் பெண்ணைக் குறிக்காது என்று பொருள் கொள்ளப்பட்டது. பாட்னாவில் சுதான்சு பாலா ஹஸ்ராவுக்கும் இதே விடை கிடைத்தது. 1890களின் தொடக்கத்திலேயே ஆக்ஸ்ஃபோர்டில் சட்டம் பயின்று முடித்திருந்த கொர்னீலியா சொராப்ஜியை அலகாபாத் உயர்நீதிமன்றம் பதிவு செய்தது 1921இல். பெண்கள் வழக்கறிஞராகலாம் என்று தனிச்சட்டமே 1923இல் இயற்ற வேண்டியிருந்தது. சென்னையில் ஆனந்தா பாய் வழக்கறிஞராகப் பதிவு பெற்றது 1929இல். ஞானாம்பாள் அரியணையில் அமர்ந்து சரியாக ஐம்பது ஆண்டுகள் கழிந்திருந்தன.

இலக்கணம் பயின்றோர்க்கு ஒரு சிறு குறிப்பு. 'வழக்கறிஞர்' என்னும் நம் சொல் ஆணையும் பெண்ணையும் ஒருங்கே கொள்ளும் பலர்பால் ஈற்றினை உயர்வு கருதிப் பெற்றுள்ளது. தமிழில் அந்தத் தீர்ப்பை எழுத நேர்ந்திருந்தால் நீதிபதிகள் சற்றே இடர்ப்பட்டிருப்பர். ஆனால் இலக்கணம் இடம் தந்தும் உலக வழக்கு இடம் தராத செய்திகள் எத்தனையோ உள. இதனையே பெரிதாக்கிப் பேசுவதற்கில்லை.

வேதநாயகம் பிள்ளை வேடத்தைக் களைந்த பின்னரும் ஞானாம்பாளை நீதிபதியாக வைத்திருந்தால் நாவல் வேறொன்றாகியிருக்கும். அவர் அவ்வாறு செய்யவில்லை. அவள் அரியணையை விட்டிறங்கி இல்லறத்துக்குத் திரும்புகின்றாள். பெண்ணுக்கு ஆற்றல் உண்டு என்பதை மெய்ப்பித்த நூல், அந்த ஆற்றலுக்கு நிலையான இடம் ஒன்றைக் கற்பனை செய்யத் தயங்குகின்றது. 1879இல் எழுதியவரிடம் 1929ஐ எதிர்பார்ப்பது முறையாகாது என்பதை நாம் அறிவோம். ஆயினும் கதையில் எதுவும் நடக்கக்கூடிய நாடாக விக்கிரமபுரியைப் படைத்துக்கொண்டவர் அவரே. தடை கால எல்லையில் மட்டும் இல்லை, கற்பனையிலும் இருந்தது. இந்திய உச்ச நீதிமன்றத்தில் ஃபாத்திமா பீவி முதற் பெண் நீதிபதியானது 1989இல். சென்னை உயர்நீதிமன்றத்துக்கு முதற் பெண் தலைமை நீதிபதி வாய்த்தது 1992இல். 2018இல் சத்யஸ்ரீ சர்மிளா, தம் அடையாளம் எதையும் மறைக்காமல், இந்தியாவின் முதல் திருநங்கை வழக்கறிஞராகத் தமிழ்நாட்டில் பதிவு பெற்றார். வேடமின்றி உள்ளே நுழைதல் என்பது எவ்வளவு தொலைவு என்பதற்கு இவ்வாண்டுகளே அளவு.

'சந்தோஷம்' என்னும் கூலி

மூன்றாவது இடமே நம்மை நெடுநேரம் நிறுத்தி வைப்பது. விக்கிரமபுரிக்கு வந்து சேரும் பிரதாபன் தன் செருப்பைச் செப்பனிடத் தருகின்றான். கூலி இவ்வளவு என்று பேசிக்கொள்ளவில்லை. வேலையை முடித்தால் சந்தோஷப்படுத்துவதாகச் சொல்கின்றான். வேலை முடிந்ததும் அவன் கொடுக்க முன்வரும் பணத்தைத் தொழிலாளி ஏற்க மறுக்கின்றார். தமக்குச் சந்தோஷம் வரவில்லை என்றும், சொன்ன சொற்படி சந்தோஷத்தைத் தரவேண்டும் என்றும் வழக்காடுகின்றார். அந்த ஊர் நீதிபதி வழக்கை அவர் பக்கம் தீர்க்க, பிரதாபன் சிறைப்படுகின்றான். பின்னர் அரியணையில் அமர்ந்த ஞானாம்பாள் அத்தொழிலாளியின் வாயாலேயே 'சந்தோஷம்' என்னும் சொல்லை வரவழைத்து, அவர் கேட்ட கூலி அவருக்குக் கிடைத்துவிட்டது என்று வழக்கை முடித்துக் கணவனை மீட்கின்றாள்.

படிப்போர் சிரிப்பர், சிரிக்க வேண்டும் என்றே எழுதப்பட்ட பகுதி இது. சொல்லைப் பிடித்துக்கொண்டு பொருளை விடும் நீதிமன்றத்தை ஒரு நீதிபதியே எள்ளி நகையாடுகின்றார். ஞானாம்பாளின் தீர்ப்பும் அதே சொற்பிடியைத் திருப்பிப் போட்டதுதான் என்பதையும் கவனிக்க வேண்டும். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872இல் வந்தது. அவ்வாண்டிலேதான் வேதநாயகம் பிள்ளை முன்சீப் பதவியை விட்டார். பொருள் உறுதியில்லாத உடன்பாடு செல்லாது என்கின்றது அச்சட்டத்தின் 29ஆம் பிரிவு. இலவசமாகச் செய்யும் எண்ணமின்றி ஒருவர் செய்த வேலையின் பயனைப் பெற்றவர் அதற்கு ஈடு தரவேண்டும் என்கின்றது 70ஆம் பிரிவு. இவ்விரண்டையும் கொண்டு பார்த்தால் தொழிலாளிக்கு நியாயமான கூலி, பிரதாபனுக்கு விடுதலை என்று வழக்கு இரண்டு வரியில் முடிந்துபோகும். சட்டம் அறிந்த ஆசிரியர் அந்தச் சாதாரண வழியை விட்டுவிட்டுச் சொல்விளையாட்டைத் தேர்ந்தார். கதைச்சுவை கருதி அவ்வாறு செய்திருக்கலாம்.

ஆனால் அந்தச் சிரிப்பு யாரைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு? செருப்புத் தைக்கும் அந்தத் தொழிலாளிக்கு நாவலில் பெயர் இல்லை, சாதியே பெயர். செல்வக் குடியில் பிறந்த ஒருவன் கூலியைப் பேசாமல், பின்னர் பார்த்துச் செய்வதாகச் சொல்லிப் போவது அக்காலத்தில் வியப்புக்குரிய செய்தி அன்று. கொடுப்பவன் மனம் வைத்ததே கூலி; வாங்குபவன் அதனைக் கைகட்டி வாங்கிக்கொள்ள வேண்டும். கூலியை உரிமையாகக் கருதாமல் கொடையாகக் கருதும் முறை அது. இத்தொழிலாளி செய்தது, அந்தக் கொடை மொழியை ஒப்பந்த மொழியாக எடுத்துக்கொண்டு, சொன்னதைக் கொடு என்று கேட்டதே. நாவல் இதனை வஞ்சகம் என்று காட்டுகின்றது. நாம் அத்தொழிலாளியை நேர்மையாளர் என்று நிறுவ முயலவில்லை. நூலின் போக்கில் அவர் வஞ்சகரே. எனினும் நூலில் சாதிப் படிநிலையின் அடியில் உள்ள ஒருவர் நீதிமன்றத்தை நாடி, மேலே உள்ள ஒருவனுக்கு எதிராக வெற்றி பெறும் இவ்விடம், தலைகீழாகிவிட்ட நாட்டின் அடையாளமாகக் காட்டப்படுகின்றது என்பதை எவ்வாறு கடந்து செல்வது? அவர் சொல்லுக்கு மதிப்பளித்த நீதிமன்றம் கேலிக்குரியதாகின்றது. அவர் வழக்கைத் தள்ளிய பின்னரே நீதி நிலைபெற்றதாகக் கதை மூச்சு விடுகின்றது.

ஆங்கிலம் அறியாத கட்சிக்காரருக்காகக் கொதித்தெழுந்த அதே ஆசிரியர்தாம் இவரும். மொழியால் ஒதுக்கப்பட்டவரைக் கண்ட கண், சாதியால் ஒதுக்கப்பட்டவரைக் கதைப்பொருளாக மட்டும் கண்டிருக்கின்றது. இதனை அவருடைய தனிப்பட்ட மனக்குறை என்று கொள்வது எளிது, அது சரியுமாகாது. 1876 முதல் 1878 வரை நிலவிய பெரும்பஞ்சத்தில் தம் பொருளைச் செலவிட்டுப் பசித்தோர்க்கு உணவளித்தவர் அவர். ஏழையிடம் அவருக்கு இரக்கம் குறைவில்லை. ஆயின் இரக்கத்துக்கு உரியவராக வரும் ஏழையும் வழக்காட வரும் ஏழையும் ஒருவரல்லர். பின்னவரை எதிர்கொள்ள அக்கால நீதிமன்றத்துக்குப் பயிற்சி இருக்கவில்லை. நீதிபதி இருக்கையிலும் வழக்கறிஞர் இருக்கையிலும் அத்தகையோர் ஒருவரும் அமர்ந்திருக்கவில்லை. தம்முடன் ஒரே மேசையில் அமர்ந்து வாதிடும் ஒருவரைக் கண்டிருந்தால், கூலியைச் சந்தோஷம் என்று சொல்வதன் கசப்பு அவருக்கும் எட்டியிருக்கும் என்று நாம் எண்ணுகின்றோம். நாம் தொடக்கத்தில் குறித்த இரு கேள்விகளும் இவ்விடத்தில்தான் ஒன்றாகின்றன. யாருடைய குரல் கேட்கும் என்பது, கேட்குமிடத்தில் யார் யார் அமர்ந்திருக்கின்றனர் என்பதைப் பொறுத்தது. அங்கே எல்லாரும் ஒரு வகுப்பினராய் இருப்பின், நல்லெண்ணமுடைய நீதிபதிக்கும் சில குரல்கள் நகைச்சுவையாகவே கேட்கும்.

தலைகளை எண்ணும் முறையை நாம் முன்னர்க் குறைத்துக் கூறினோம். அம்முறைக்கு உரிய நியாயத்தைச் செருப்புத் தொழிலாளியின் வழக்கே வழங்குகின்றது. எண்ணிக்கை முடிவான விடையைத் தராது. ஆயினும் யார் எண்ணப்படவே இல்லை என்பதைக் காட்டும். 1912இன் கணக்கில் அவருடைய வகுப்புக்கு வரியே இல்லை என்பதைக் கண்டோம்.

நாவலை மீண்டும் படித்துப் பார்க்கும்போது வேறொன்றும் புலப்படுகின்றது. விக்கிரமபுரியில் அத்தொழிலாளி தம் வழக்கைத் தாமே பேசுகின்றார். அவருக்காகப் பேச வேறொருவர் கிடைத்ததாகக் கதை சொல்லவில்லை. தமக்குத் தெரிந்த ஒரே சொல்லை, 'சந்தோஷம்' என்பதை, இறுகப் பற்றிக்கொண்டு நிற்கின்றார். அரசனாக அமர்ந்தவர் ஒரு கேள்வி கேட்டதும் அந்தச் சொல்லாலேயே வீழ்கின்றார். அரசன் முன்னிலையில் வேறு எந்த விடையை அவரால் சொல்லியிருக்க முடியும் என்று ஒரு வழக்கறிஞர் எழுந்து கேட்டிருப்பார். அக்கேள்வியை எழுப்புவதற்கு அந்த அவையில் ஆளில்லை. தமிழ்நாட்டைச் சேர்ந்த அ. வரதராஜன், தாழ்த்தப்பட்ட வகுப்பிலிருந்து இந்திய உச்ச நீதிமன்றத்துக்குச் சென்ற முதல் நீதிபதியாகப் பதவியேற்றது 1980 டிசம்பரில். நாவல் அச்சேறி அப்போது 101 ஆண்டுகள் ஆகியிருந்தன.